மூன்றாம் மாடியில் ஒரு பச்சை விளக்கு

எங்கள் பிளாக்கில் தண்ணீர் மோட்டார் போடுவது நான்தான், ஐயா. யாரும் என்னை நியமிக்கவில்லை. கீழே மளிகைக்கடை வைத்திருப்பவன், எந்நேரமும் இருப்பவன் என்பதால் தலையில் விழுந்த வேலை. மீட்டர் அறைச் சாவியும் அப்படித்தான் என்னிடம் வந்தது. ஆறுமுகநயினார் என்று எழுதிக்கொள்ளுங்கள். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். எர்ணாவூரிலேயே பாதி ஆயுள் போய்விட்டது.

மூன்றாம் மாடி தாவூது எனக்கு வேண்டாதவர் இல்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றியே நுரையீரல் கெட்டுப்போன மனிதர். வெள்ளத்தில் எண்ணெய்த் தண்ணீர் கடைக்குள் புகுந்தபோது, என் அரிசி மூட்டைகளை மாடியில் ஏற்றியவர் அவர்தான். இருமிக்கொண்டே ஏற்றினார். பிறகு படுக்கையில் விழுந்துவிட்டார். ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் மூச்சு. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

அந்த வாரம் எல்லையில் சண்டை. கடை டிவியில் நாள் முழுக்க அதுதான். வடக்கே ஊர் ஊராகச் சங்கு ஊதி விளக்கை அணைக்கச் சொன்னார்கள். டிரோன் விழுந்த வீட்டில் ஓர் அம்மாள் தன் அடுப்பங்கரை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் பக்கம் என்ன இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டிகள், மின் நிலையம், துறைமுகம். ஒன்று விழுந்தால் அள்ளிப்போட ஆள் மிஞ்சாது. உள்ளே இருந்துகொண்டே விளக்குக் காட்டிக் கொடுப்பவர்கள் உண்டு என்று டிவியில் ஒருவர் சொன்னார். படித்தவர் மாதிரிதான் இருந்தார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

தாவூதின் ஜன்னல் கடல் பக்கம் பார்த்தது. அந்த மிஷினில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். இருட்டினால் திரைச்சீலையில் தெரியும்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கடை வாசலில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் வண்டு மாதிரி ஓர் இரைச்சல். அண்ணாந்து பார்த்தால் டிரோன். மூன்றாம் மாடிக்கு நேராகச் சற்று நின்றது. நான் பதறவில்லை. மீட்டர் அறையைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். காத்திருந்த ஒருவருக்குப் புளி நிறுத்துக் கொடுத்தேன்.

தாவூதின் சம்சாரம் சாபிரா, தலையில் முந்தானைகூட நிற்காமல் ஓடிவந்தது. "அண்ணே, கரண்ட் பூட்ச்சுண்ணே. அவருக்கு மூச்சு இஸ்துகினு கீது. இன்னான்னு பாருண்ணே."

ஈ.பி.க்குச் சொல்லியிருக்கிறேன், வந்துவிடும் என்றேன்.

"சீக்கிரம் வரச் சொல்லுண்ணே. உன் கால்ல வுயறேன்."

அந்தப் பிள்ளையை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். உட்காரச் சொன்னேன். உட்காராமல் மேலே ஓடியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அடுத்த தெருவில் மஞ்சள் நீராட்டு விழா, படம் பிடிக்க விட்ட டிரோன் அது என்று மறுநாள் சொன்னார்கள். வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. தாவூதின் மய்யத்தைத் தூக்கத் தோள் கொடுத்தேன். அழுதேன், அது நடிப்பு இல்லை. அந்த மனிதரின் இருமல் இல்லாமல் இப்போது மாடிப்படி வெறிச்சென்று கிடக்கிறது. ஆனால் பிளாக் முழுவதையும் காப்பாற்றத்தான் அணைத்தேன், ஐயா. எனக்கு மதமெல்லாம் கிடையாது. வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி அவர்கள் வீட்டிலிருந்துதான் எனக்கு வரும்.

மற்ற வீடுகளின் பீஸையும் பிடுங்கினாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. என் கடையில் டியூப்லைட், டிவி, எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. அதையெல்லாம் எதற்கு அணைக்க வேண்டும், ஐயா? அங்கே இருப்பது நம் ஆட்கள்தானே.