கோயம்புத்தூர் ஆர்டர்

– இன்னும் கொஞ்சம் கீழ தடவு தங்கம். இடுப்புக்கிட்ட. ஆ… மெதுவா, மெதுவா!

– தைலம் பாதிப் பாட்டில் தீந்துபோச்சு. பட்டாசு ஆர்டர் எடுக்கப் போன எடத்துல இடுப்புல அடிச்சா அனுப்புவாக? கோயம்புத்தூர் யாவாரிக அம்புட்டு மோசமா?

– லாட்ஜு படி வழுக்கிருச்சுன்னு நேத்தே சொன்னேன்ல.

– படி வழுக்கினவரு தோல்ல சட்டையும் தோல்ல பேண்டும் மாட்டிக்கிட்டு, கக்கத்துல ஹெல்மெட்டை இடுக்கிக்கிட்டு, பைக்குப் பக்கத்துல நின்னு கட்டை விரலைக் காட்டுறாரே, அது யாரு? உங்க கூடப் பொறந்தவரா?

– எங்கன பாத்தே?

– உங்க அக்கா மகன் இராமகிருஷ்ணன் போன்ல போட்டிருக்கான். ‘அய்யாதுரை மாமா, ரேஸ் வீரர்’னு எழுதி, கீழ நெருப்புப் படம் மூணு. விடிஞ்சதுல இருந்து எனக்குப் போன் மேல போன். விருதுநகர் சம்பந்தியம்மா கேக்காக, ‘மதினி, அண்ணனுக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு’ன்னு. ஒடம்புன்னு மரியாதைக்குச் சொன்னாக. கேட்டது தலையப் பத்தி.

– கூட வந்து படம் பிடிச்ச அந்தப் பயகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், படத்தை எவனுக்கும் அனுப்பாதலேன்னு.

– அம்பத்திரெண்டு வயசு. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு போன மாசம் லிஃப்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து அளவெடுத்தீக.

– அதாவது… சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. கேளு தங்கம். சனிக்கிழமை பயிற்சி, ஞாயித்துக்கிழமை போட்டி. ரெண்டே நாளு. நம்ம சாத்தூர் நாலுவழிச் சாலையில தெனம் காலையில நான் ஓட்டுற ஓட்டுக்கு, இதெல்லாம் ஒரு விசயமான்னுதான் போனேன்.

– காலையில காத்து வாங்கப் போறேன்னு போனது இதுக்குத்தானா? நல்லாருக்கு.

– சாத்தூர் ரோடுன்னா எங்கன மேடு, எங்கன லாரி குறுக்க வரும், எல்லாம் அத்துபடி. அந்த டிராக்குல ஒரு அடையாளம் கெடையாது. பதினாலு வளைவு. ஒண்ணுல டீக்கடை உண்டுமா? ஒரு கோயிலு? ஒரு வேப்பமரம்? எங்க பாத்தாலும் ஒரே தாரு, ஒரே புல்லு. பிரேக்கை எந்த எடத்துல பிடிக்கன்னே தெரியல.

– டீக்கடை இல்லாம வளையத் தெரியாதவருக்கு எதுக்கு ரேஸு?

– அதாவது, நாலாவது வளைவுல நேராப் போயிட்டேன்.

– வளைவுல. நேரா.

– ஆமா. சரளைக்கல்லுக்குள்ள. அங்கன விழுந்ததுதான் இந்த இடுப்பு.

– அப்ப அந்த லாட்ஜு படியும் நாலாவது வளைவுலதான் இருந்துச்சாக்கும்.

– பெறகு ஒரு புள்ள வந்து சொல்லிக் குடுத்துச்சு. ஹஸ்னான்னு பேரு, இருபத்திமூணு வயசு. அங்கன எல்லாருக்கும் பயிற்சி குடுக்கிறதே அதுதான். ‘அங்கிள், சரளையைப் பாக்காதீங்க. வளைவு முடியிற எடத்தைப் பாருங்க, வண்டி தன்னால அங்க போகும்’னுச்சு. அப்பிடியே செஞ்சேன். வண்டி சொன்ன பேச்சைக் கேக்குது தங்கம்!

– வண்டி கேக்குறது இருக்கட்டும். ஒரு பொம்பளப்புள்ள சொல்லி நீக கேட்டீகளா? இருபத்தெட்டு வருசமா நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு வாட்டி திரும்பியிருப்பீகளா?

– கேலி பண்ணாத. அங்கன இருக்கிற ஒழுங்கைப் பாத்தா நீயே அசந்துருவே. போன ஒடனே டாக்டரு பிரஷர் பாத்தாரு. ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்து, சரியா இருந்தா ஸ்டிக்கர் ஒட்டுறாக. அது இருந்தாத்தான் உள்ள விடுவாக. மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு பயலுக்கு கையுறையில ஒரு விரக்கடை கிழிசல். திருப்பி அனுப்பிட்டாக. அழுதுட்டான். முடியாதுன்னா முடியாதுதான்.

– சும்மா சுத்திச் சுத்தி வர்றதுக்கு இம்புட்டுக் கெடுபிடியா?

– இன்னுங் கேளு. ஒரு நேரத்துல இருபது வண்டிதான் ஓடலாம். இருபத்தொண்ணாவது ஆளு கலெக்டர் மகனா இருந்தாலும் வெளியதான் நிக்கணும்.

– சர்தான். அந்த இருபதுல உங்களை எங்க நிப்பாட்டினாக?

– கடைசி வரிசை.

– அதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

– எட்டு சுத்து. மூணாவது சுத்துல எனக்கு முன்னால போன பய தூக்கி எறிஞ்ச மாதிரி விழுந்தான். அடுத்த நொடி சுத்திவர அம்புட்டு எடத்துலயும் சிவப்புக் கொடி. முதல் ஆளாப் போய்க்கிட்டிருந்தவன்கூட வேகத்தைக் கொறைச்சு ஓரங்கட்டிட்டான். கண்ணை மூடித் தொறக்குமுன்ன ஆம்புலன்ஸு உள்ள வந்துருச்சு.

– விழுந்த பயலுக்கு என்னாச்சு?

– தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சிருச்சு. வேற ஒண்ணுமில்ல. ஆனா அவனைத் தூக்கிட்டுப் போயி, சிந்தின ஆயிலைத் தொடைச்சு, மண்ணைக் கூட்டித் தள்ளி, ஒருத்தரு நடந்தே போயி சரிபாத்த பெறகுதான் எங்களை மறுபடி விட்டாக. முக்கா மணி நேரம்.

– ஒத்தை ஆளு விழுந்ததுக்கு அம்புட்டுப் பேரும் முக்கா மணி நேரம் வெயில்ல நின்னீக.

– நின்னோம். ஒரு பய முணுமுணுக்கல.

– நீகளுமா?

– நான் எதுக்கு முணுமுணுக்கப் போறேன்? அடுத்து விழப் போறது நானா இருந்தா?

– போன மாசம் அழகுமீனா கையில தீப்பட்டப்ப எம்புட்டு நேரம் நிறுத்தினீக?

– எந்த அழகுமீனா?

– நம்ம கம்பெனியில வெடிக்கு மருந்து அடைக்கிற புள்ள. தாயில்பட்டிக்காரி.

– அதுவா? ஆஸ்பத்திரிக்கு நம்ம ஜீப்புலதான அனுப்பினேன்? சீசன் நேரத்துல வேலையை நிறுத்த முடியுமா? அதையும் இதையும் எதுக்கு முடிச்சுப் போடுறே?

– நான் ஒண்ணும் போடல. நீக சொல்லுங்க. எத்தனாவதா வந்தீக?

– பதினேழாவது! மூணு பேரை முந்திட்டேன்.

– ஒருத்தன் தோள்பட்டை ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கான். மத்த ரெண்டு பேரு?

– ஒருத்தனுக்கு… செயின் அந்துபோச்சு.

– இன்னொருத்தன்?

– அவனை நெசமாவே முந்தினேன் தங்கம். கடைசி வளைவுல, உள்பக்கமா நுழைஞ்சு. சத்தியமா.

– அவனுக்கு என்ன வயசு?

– வயசுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? அறுபத்தொண்ணு. ரிட்டயர்டு வாத்தியாரு.

– ஆத்தாடி. வாத்தியாரைத் தோக்கடிக்கத் தோல் சட்டை.

– சிரிச்சுக்கோ. ஆனா அந்தக் கோட்டைத் தாண்டினப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நம்பினா நம்பு. இருபது வருசமா லோடு, ஆர்டரு, ஆபீசருன்னு எவனோ ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அங்கன ரெண்டு நாளும் போனை அணைச்சுப் போட்டுட்டேன். இன்னும் அது பைக்குள்ளதான் கெடக்கு. எடுக்கவே மனசு வரல. எம்புட்டு நிம்மதி தெரியுமா?

– தெரியும். உங்களைக் கூப்பிட வேண்டியவரு என்னையத்தான் கூப்பிட்டாரு.

– யாரு?

– போர்மேன் சீனிச்சாமி. சனிக்கிழமை காலையில. ‘மொதலாளி எடுக்கலம்மா. ஆபீசருக இந்தப் பக்கம் சோதனைக்கு வர்றாகளாம். கூடுதல் ஆளுகளைப் பின்வழியா முள்ளுக்காட்டுக்குள்ள அனுப்பிரவா’ன்னு கேட்டாரு.

– அவன் வெவரமான ஆளு. சரின்னு சொல்லியிருப்பேல?

– நான் வர்ற வரைக்கும் யாரையும் அனுப்பாதீகன்னு சொல்லிட்டு, கார் எடுத்துட்டுப் போனேன்.

– நீ எதுக்குக் கம்பெனிக்குப் போனே?

– வருசா வருசம் ஆயுதபூசைக்கு மட்டும்தான் போயிருக்கேன். அன்னைக்குக் கழுவி விட்டு, தோரணம் கட்டி வச்சிருப்பீக. வேலை நடக்கும்போது இப்பத்தான் பாத்தேன். ரூமுச் செவுத்துல நாலு பேருக்கு மேல கூடாதுன்னு பெருசா எழுதியிருக்கு. உள்ள பதினோரு பேரு. கையில கட்டோட அழகுமீனாவும் அதுல ஒருத்தி. மரத்தடியில சாக்கை விரிச்சு மருந்து அடைச்சுக்கிட்டு இன்னும் பத்துப் பேரு.

– எல்லாக் கம்பெனியிலயும் அதேதான். உனக்கு இந்த யாவாரத்தைப் பத்தி என்ன தெரியும்? அதை விடு. ஆபீசரு வந்தாரா?

– வந்தாரு.

– அய்யய்யோ! ஆளுகளை?

– ஒருத்தரையும் ஒளிக்கல. நானே கூடப் போயி ஒவ்வொரு ரூமாத் தொறந்து காட்டினேன்.

– தங்கம்! அதைத் தொறந்து காட்ட நீ யாரு?

– அவரும் அதைத்தான் கேட்டாரு. ‘லைசென்ஸுல பொன்னுத்தங்கம்னு இருக்கே, அது யாரும்மா’ன்னு. நான்தான்னு கையெழுத்துப் போட்டு, கம்பெனிச் சாவியை அவரு கையில குடுத்துட்டு வந்துட்டேன்.