அஞ்சு புள்ளி ரெண்டு மில்லிகிராம்

அதெப்படி தம்பி தராசு சரியா இருக்கும்? எட்டு மாசமா எங்க உயிர வாங்குது, நீங்க சோதிக்க வந்து பத்தே நிமிஷத்துல நல்லாருக்குங்கறீங்க. தராசுன்னா முள்ளு, தட்டு எல்லாம் இருக்கணும், இதுல நம்பர் மட்டும்தான், ஆனாலும் பழக்கதோஷத்துல தராசுன்னே வருது. இன்னொரு தடவ அந்தக் குட்டி எடைக்கல்ல வச்சுப் பாருங்களேன். மூச்சு விடாம நிக்கறேன்.

அதே நம்பர்தானா? ம்.

சேச்சே, உங்க மேல சந்தேகமில்ல. உக்காருங்க, சொல்றேன். நாங்க பண்றது வெயில்ல கரண்ட் எடுக்கற செல். பெரோவ்ஸ்கைட்னு ஒரு கறுப்புப் படலம், வெளிச்சம் பட்டா அதுல எலக்ட்ரான் கிளம்பும். கிளம்பினாப் போதுமா, வெளிய வர வழி வேணும்ல? அதுக்குத்தான் அடியில டின் ஆக்ஸைடு படலம். அத அப்படியே விட்டா, ஆபீஸ் விடற நேரத்துல ஒத்தக் கதவத் தெறந்த மாதிரி எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கும். துளியூண்டு லித்தியம் உப்பு கலந்தா சரளமா வெளிய வரும். கூடினாலும் கெட்டுது, கொறஞ்சாலும் கெட்டுது.

சமையல் மாதிரியா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சமையல்ல ருசி பாக்கலாம். இங்க நாக்க வச்சா ஆஸ்பத்திரிதான்.

போன வருஷம் ஒரு செல், பட்ட வெயில்ல இருபத்திமூணு சதவீதத்தக் கரண்டாக் குடுத்துச்சு. கட்டுரை வந்துச்சு, கைதட்டினாங்க. உப்பு அஞ்சு புள்ளி ரெண்டு மில்லிகிராம்னு நோட்டுல இருக்கு. அதே அளவ எங்க ஆராய்ச்சி மாணவி, ரெண்டு புள்ளைக்குத் தாய், நூத்திப் பதினாலு தடவ போட்டுப் பாத்துட்டா. பதினெட்டத் தாண்டல. கை சுத்தமில்ல, கவனமில்லன்னு திட்டு. யார் திட்டினதா? நானும்தான். இன்னிக்கு மூணு மணிக்குக் கமிட்டி. அவளத் தொடர விடறதா அனுப்பறதான்னு முடிவு பண்றாங்க. தராசுதான் கோளாறுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா, யாருக்கும் பாதகமில்லாம முடிஞ்சிரும்னு பாத்தேன்.

எழுத மாட்டீங்களா? நியாயந்தான். அப்ப சரியா இருக்குன்னே எழுதுங்க, தேதி போட்டு. நானே கொண்டுபோய் கமிட்டி முன்னால வச்சு, தப்பு யாரோடதுன்னும் சொல்லிடறேன்.

இல்ல, அந்த இருபத்திமூணு வந்த அன்னிக்கு எடை போட்டது அவ இல்ல. நான். ஏசிக் காத்துல நம்பர் நிக்காமக் குதிச்சுது. இருபது வருஷக் கைதானேன்னு கரண்டி நுனியில கண்ணளவா அள்ளிப் போட்டுட்டேன். அப்புறம் நோட்டுல ஏதாவது எழுதணும்ல?

அதென்ன புள்ளி ரெண்டா? வெறும் அஞ்சுன்னு போட்டா யாரு தம்பி நம்புவா?