முச்சந்தியில் பேர் சொல்லி நின்றவர்

என் பெயர் ஆயம்மாள். வயது எழுபதுக்கு மேல் ஆகிறது. ஆதார் அட்டையில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், அது தப்பு. கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லாததால், கூட வந்திருக்கும் என் பேத்தி இளமதி சொல்ல, காலஞ்சென்ற அர்த்தனாரி என்று எழுதப்பட்டது. கீழே அந்தப் பெயர் வருகிற இடங்களிலும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். கொல்லிமலை, திருப்புலி நாடு, கீரைக்காட்டில் ரோடு முடிகிற இடத்தில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். மிளகும் மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் வெள்ளாமை. இரண்டாம் வகுப்பு வரை போனேன். கையெழுத்துப் போடத் தெரியும்.

எங்கள் ஊர் வெள்ளையன், தன் களத்தில் காய்ந்த மிளகு மூட்டையை பார்சல் வேன் டிரைவர் ரமேஷ்குமார் திருடியதாகக் கொடுத்த புகாரில், எனக்குத் தெரிந்ததை உதவி ஆய்வாளர் கவிதா அம்மா கேட்க, சொல்கிறேன்.

வெள்ளையன் எனக்கு உடன்பிறந்த தம்பி. அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எங்கள் அம்மா செத்த கையோடு வரப்போரத்து மிளகுக் கொடியை அவன் பக்கம் சேர்த்துக்கொண்டான். என் மகள் சடங்குக்கு மாமன் வந்து பச்சைக் குடிசை கட்ட வேண்டும், அவன் வரவில்லை. வேறு ஆள் கட்டினதில் அன்றைக்கு ராத்திரி பெய்த மழையில் குடிசை ஒழுகி, பிள்ளை நனைந்து உட்கார்ந்திருந்தாள். இதையும் எழுத வேண்டும் என்று நானாகத்தான் சொன்னேன். பகையில் சொல்கிறேன் என்று பின்னால் ஒருவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் ரமேஷ்குமார் அடிவாரத்து ஆள். அவருக்கு முன்னால் தமிழ்செல்வன் என்பவர் ஓட்டினார். அவர் வேலையை விட்டுப் போகும்போது இரண்டு நாள் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மலை முழுக்கக் காட்டினார். இரண்டு நாளில் எங்கள் ஊர் யாருக்கும் பிடிபடாது. வீட்டு நம்பர் காகிதத்தில் இருக்கிறதே தவிர கதவில் இல்லை. போனில் பார்த்தால் எங்கள் ஊர் இருக்கும் இடம் வெறும் பச்சையாக இருக்கிறது, சிக்னலும் பாறைமேல் ஏறினால்தான் வரும்.

இந்த டிரைவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இளமதி எனக்கு ஒரு கம்பளி போனில் சொல்லி வாங்கினாள். அவள் வைத்திருக்கும் சிம் தாத்தா பெயரில் இருப்பதால் பார்சலும் அவர் பெயரில்தான் வரும். டிரைவர் அதை முச்சந்தியில் வலது பக்கம் திரும்பாமல் இடது பக்கம் போய் வெள்ளையன் வீட்டில் கொடுத்துவிட்டார். வெள்ளையன் பெண்சாதி பொன்னாயி, நாத்தனார் வீட்டுப் பார்சல்தான், நான் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கி, அதைப் போர்த்திக்கொண்டு பால் ஊற்றப் போகிறாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, அதுவரை டிரைவரே அமுக்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். தெரிந்த பிறகும் பேச்சு இல்லாத வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

சென்ற தை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பனி நன்றாக இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு அடி மட்டும் இருந்தது, மேலே மரம் இல்லை. கோழி கூவியது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சாணிக்கூடையோடு வேலியோரம் வந்தபோது முச்சந்திப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னது. பனிக்குள்ளிருந்து பெயர் கேட்டால் மூன்றாம் தடவை வரைக்கும் நாங்கள் பதில் கொடுக்க மாட்டோம். அவர் இறந்த பிறகு அந்தப் பெயரை ஊரில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. மறுபடியும் சொன்னது. நான் கூடையை இறக்கி வைத்து முந்தானையில் கையைத் துடைத்தேன். மூன்றாம் தடவையும் சொன்னதும், இங்கேதான் இருக்கிறேன் என்றேன். என் சத்தம் எனக்கே சின்னப் பிள்ளை சத்தமாகக் கேட்டது. அந்தக் குரல் அதைக் காதில் வாங்காமல், அர்த்தனாரி, அர்த்தனாரிக்கு அப்புறம், அப்புறம், என்று இழுத்துக்கொண்டு நின்றது.

அதன் பிறகு நான் முச்சந்திக்கு நடந்தேன். காலுக்குத் தெரிந்த வழி என்பதால் கால் போனது, கண் பார்த்துப் போகவில்லை. வெள்ளை வேன் என்பதால் வேன் தெரியவில்லை, இரண்டு மஞ்சள் விளக்கு மட்டும் தரையில் நிற்காமல் மிதந்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் ரமேஷ்குமார் கண்ணை மூடி நின்றுகொண்டு, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டிருந்தார்.

நான், "ஆருப்பா அது, செத்தவர் பேரச் சொல்றது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து, "செத்துட்டாருங்களா? பார்சல் வருதுங்களே ஆத்தா" என்றார்.

"அவருக்கு வருது. எனக்குத்தான் வந்து சேரல" என்றேன்.

அதன் பிறகு விசாரித்ததில், பார்சல் மாறிப்போகிறது என்று ஆபீசில் கண்டித்ததாகவும், இன்னொரு தடவை மாறினால் வேலை இல்லை என்று சொன்னதாகவும், அதனால் லீவு நாளில் வெறும் வேனோடு வந்து ஊர் ஊராக வழி படிப்பதாகவும் சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் முச்சந்தியில் நின்று, வீட்டுப் பெயர்களை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை சொல்லுவாராம். தூங்கும்போதும் உளறுவதாக வீட்டில் திட்டுகிறார்களாம். கண்ணை ஏன் மூடுகிறாய் என்று கேட்டேன்.

"தொறந்தாப் பனிதானுங்க தெரியுது. மூடிட்டா வளைவெல்லாம் தெரியுதுங்க" என்றார்.

சொல்லு பார்க்கலாம் என்றேன். பலாமரத்து ஊடு ராதிகா, தொட்டி ஊடு யுவராஜ், இடத்தாண்ட மேட்டு ஊடு வெள்ளையன், வலத்தாண்ட அர்த்தனாரி என்று ராகம் போட்ட மாதிரி சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீடு பனிக்குள்ளிருந்து வந்து நின்றுவிட்டுப் போவது போல எனக்கு இருந்தது. ராதிகா வீட்டுக் காப்பிக்கொட்டை வாசம் கூட வந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கடைசிப் பெயருக்கு அப்புறம் யார் என்று அவர் கேட்டார்.

"அவருக்கப்பறம் ஊடு இல்ல சாமி. ரோடு அதோட சரி" என்றேன்.

அதோட சரி, அதோட சரி என்று சொல்லிக்கொண்டு, காற்றில் கையாலேயே வேனைத் திருப்பி நிறுத்தினார்.

அதன் பிறகு எனக்குக் கம்பளி ஞாபகம் வந்து கோபம் வந்தது. மேட்டு வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று அவர் சத்தியம் செய்தும் நான் நம்பவில்லை. வேனின் பின்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே ஏறினேன். ஒரு துடைப்பம், காலி தண்ணீர் கேன், பார்சலுக்கு அடியில் விரிக்கும் சாக்கு இருந்தன. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். முன்னால் போய் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். கம்பளியும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. மிளகு இருந்திருந்தால் கைக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்திருக்கும். இப்ப நம்பறீங்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

நான் வேலியைத் தாண்டுவதற்குள் அவர் மறுபடி மேலிருந்து பெயர் சொல்ல ஆரம்பித்தார். குரல் பின்னாலேயே வந்தது. வெள்ளையன் என்ற பெயரோடு குரல் நின்றுவிட்டது. அதன் பிறகு அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தபோது வெள்ளையனும் அவன் மகன் யுவராஜும் இன்னும் சிலரும் டிரைவரைச் சில்வர் ஓக் மரத்தில் மாட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முந்தின வாரம் யுவராஜின் மாடு பள்ளத்தில் விழுந்து செத்திருந்தது. வெள்ளையன் கையில் விறகுக்கட்டை இருந்தது.

வெள்ளையன் மற்றவர்களைப் பார்த்து, "எங்கூட்டுப் பேர மூணு ரோட்டுல நின்னு வரிசையாச் சொல்லி மந்திரக் கட்டுப் போடறான். மாட்டுக்கு வந்தது நாளைக்கு மனுசனுக்கு வரும்" என்றான்.

வழி படிக்கிறான், அவனை விடுங்கள் என்று நான் சொன்னேன். அக்கம்பக்கத்தில் யாரோ பேசினது போல வெள்ளையன் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. டிரைவரின் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. அடி விழும்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அதுவரைக்கும் மிளகு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு ராதிகா வந்து, கம்பெனி வேன் டிரைவரைக் கட்டி வைத்து அடித்தால் போலீஸ் வராமல் இருக்குமா என்று சத்தம் போட்டதும் கயிற்றை அவிழ்த்தார்கள். நான் அவரைக் கீழே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்போது வேன் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. வெயில் வந்து பனி கலைந்தபோது, வேனுக்குள் மிளகு மூட்டை இருக்கிறது என்று யுவராஜ் கூப்பிட்டுக் காட்டினான். மூட்டை இருந்தது. டிரைவர் நான் வேனை விட்டு இறங்கினது முதல் அதுவரைக்கும் முச்சந்தியிலும் மரத்திலும்தான் இருந்தார்.

மூட்டையை வைத்தது யார் என்று கவிதா அம்மா இரண்டு தடவை கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. தம்பி மேல் இருக்கும் ஆத்திரத்துக்கு ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வருகிறது. கண்ணால் பார்க்காததற்கு நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் ஊரில் கூட்டம் போட்டு, நான் ஸ்டேஷனுக்குப் போனால் என் சாவுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பேசி முடித்திருக்கிறார்கள். இன்று காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன், இளமதி முன் சீட்டில் இருந்தாள். வழியில் வெள்ளையன் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே எல்லாம் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, அம்மாளுக்கப்பறம் கூடப்பொறந்ததுன்னு எனக்கு நீ ஒருத்திதான். யுவராஜு உள்ள போயிருவான். பனியில ஒண்ணும் தெரியலீன்னு சொல்லீரு, போதும்" என்றான்.

அவன் அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று நான் எத்தனையோ தையும் ஆடியும் பார்த்துவிட்டேன். அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை.

பனி இருந்தது உண்மை. வேனுக்குள் பனி இல்லை. நான் கைவிட்டுத் துழாவினபோது அதில் மிளகு மூட்டை இல்லை. ரமேஷ்குமார் எங்கள் ஊரில் எதையும் திருடவில்லை.

வெள்ளையன் இப்போது ஸ்டேஷனுக்கு வெளியே மரத்தடியில் இருக்கிறான். ஊருக்குத் திரும்ப ஒரே பஸ்தான். துணைக்குப் போலீஸ்காரர் ஒருவரை அனுப்புவதாக அம்மா சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் இடம் போட்டு வைப்பேன். உட்காருவதும் உட்காராததும் அவன் இஷ்டம்.

எழுதினதை அம்மா நிறுத்தி நிறுத்திப் படிக்க, காது கொடுத்துக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ இதைச் சொல்லவில்லை. அத்தனையும் நிஜம். கோர்ட்டிலும் இதையேதான் சொல்வேன்.

(ஒப்பம்)
ஆயம்மாள்