அஞ்சு பேருக்கு ஒரு மாஸ்க்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். தம்பி சட்டைப்பையிலிருந்து கசங்கிய மாஸ்க் ஒன்றை எடுத்தான்.

“இது ஒண்டு காணும், அக்கா. போன கிழமை நாங்கள் அஞ்சு பேரும் இதோடதான் வார்டுக்குள்ள போனனாங்கள்.”

“அஞ்சு பேருமோ?”

“ஓம். மாஸ்க் இல்லாட்டி வாசலில விடமாட்டினம். ஒராள் வந்து கழட்டித் தர, மற்றாள் போட்டுக்கொண்டு போறது.”

“முதல்ல ஆர் போட்டது?”

“சித்தப்பா.”

“இருமி இருமித் திரிஞ்ச மனுசனோ? அறிவு கெட்டவனே!”

“வாசலில நிண்டவர் ஒண்டும் சொல்லேல்லையே.”

“கால் முறிஞ்சு வந்த அப்பாவுக்கு நிமோனியா எப்பிடி வந்ததெண்டு டொக்டர் நேற்று என்னட்டக் கேட்டவர். தெரியாதெண்டு சொன்னனான். இண்டைக்கு நீயே போய்ச் சொல்லு!”