முடிச்சு அவிழும் வரை

எடப்பாடியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கல்லூரிக் கபடி ஜெர்சி போட்ட இரண்டு பேர். ஒருவனுடைய வலது கையும் மற்றவனுடைய இடது கையும் ஒரே துண்டால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

“ஏந்தம்பி, இதென்ன வேண்டுதலா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க,” என்றான் ஜன்னலோரத்தில் இருந்தவன். “ஆட்டத்துல நாங்க கையைக் கோத்துக்கிட்டு நிக்கோணும். எதிராளி பாடி வந்தா பயந்து உட்டுப்போடறோம்னு கோச்சு கட்டி உட்டாருங்க. கிரவுண்டு போற வரைக்கும் அவுக்கக் கூடாதுங்க.”

கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அவர்கள் சிரிக்கவில்லை. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னிக்கும் அதே ஆளுதான் பாடி வாரானாம்,” என்றான் மற்றவன்.

“கேள்விப்பட்டேன்.”

“போன ஆட்டத்துல ஏன்டா கையை உட்ட?”

“தெரியலடா. அவன் என்னையவே பார்த்தான். கை தானா கழண்டுக்கிச்சு.”

“உங்கூட கை கோத்து நின்ன செந்திலு தனியாப் போய் மாட்டிக்கிட்டான். தோள்பட்டை எறங்கிப்போச்சு. இன்னிக்கு அவன் எடத்துல நான் நிக்கறேன்.”

பஸ் தாரமங்கலத்தைத் தாண்டியது.

“ஆட எறங்கறப்ப துண்டை அவுத்துருவாங்கல்ல?” என்றான் மற்றவன்.

“ஆமா. கட்டிக்கிட்டு ஆட உடமாட்டாங்க.”

“அப்பறமும் நீ கையை உடமாட்டீல்ல?”

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜன்னலோரத்தில் இருந்தவன் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான்.