முதல் காசும் மூன்று சிலுவையும்

தராசு பிடித்த கையால் இன்று தலைமை பிடித்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! கல்லாவையும் கால்வலியையும் ஒருசேரக் காத்துவரும் பெரியோர்களே! பேரம் பேசியே எங்களைப் பெருமூச்சு விடவைக்கும் தாய்மார்களே! வணக்கம்.

ஒரு ஸ்பானியச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடிகாரக் கடைக்காரனான எனக்கு ஸ்பானிய மொழி எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாது! தெரிந்தது ஒரே ஒரு வினைச்சொல். பெர்சிக்னார்சே! நெற்றியில், வாயில், நெஞ்சில் சிலுவை வரைந்துகொள்வது என்று பொருள். வழிபாட்டில் பிறந்த சொல் வழிபாட்டோடு நின்றதா? வீதிக்கு வந்தது! வியாபாரத்துக்கு வந்தது! அந்த மொழி பேசும் சில ஊர்களில், அன்றைய முதல் காசைப் பிடித்துச் சிலுவை வரைவார்கள். ஆகவே, முதல் விற்பனை ஆவதற்கும் அதே சொல்தான். நம் மொழியில்? ஆம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள். போணி!

என் அக்கா, இருந்த வேலையை விட்டுவிட்டுத் தையற்கடை திறந்தாள். மூன்று மாதம் ஈ ஓட்டினாள். மூடிவிடுவது என்று முடிவுகட்டி, பிரிக்காத பொத்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே, ஸ்பானியம் பேசும் ஊரிலிருந்து நம் ஊருக்கு வந்த பொத்தான் கடைக்காரம்மா, அப்போதுதான் கடையைத் திறக்கிறார். போணி ஆகாத கடையில் சரக்கைத் திருப்பலாமா? பின்வரிசையில் சிரிக்கிறவர்களே, நீங்களும் செய்திருப்பீர்கள்!

"இன்னும் பெர்சிக்னார்சே ஆகலம்மா. கொஞ்சம் நில்லு."

அரைமணி நின்றாள். ஒருவரும் வரவில்லை. பொறுமை போயிற்று.

"ஒரு நூல்கண்டு குடுங்க. போணி ஆயிடும்ல? அப்புறம் இந்தப் பெட்டிய எடுத்துக்குங்க."

காசை வாங்கினார். நெற்றி, வாய், நெஞ்சு. பிறகு கேட்டார்.

"கடைய மூடப் போறவளுக்கு நூல் எதுக்கு?"

"உங்களுக்காகத்தான் வாங்கினேன்."

"உன் கடையில இன்னிக்குப் போணி ஆச்சா?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா எழுந்தார். தன் கடையைப் பூட்டினார். ஓரம் பிரிந்த மேலங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார்.

"இந்தா, தைச்சுக் குடு. எனக்கு நீ முதல் ஆளு, உனக்கு நான்."

பேரம்? மூச்சு விடவில்லை!

அக்காவின் கடை அன்றும் மூடவில்லை, இன்றும் மூடவில்லை. தலைவர் போட்டிருக்கும் சட்டையே சாட்சி!

பெருமக்களே! கடை திறந்ததும், யாராவது வரவேண்டுமே என்று வேண்டாதவர் உண்டா? வருகிறவர் வானத்திலிருந்தா குதிக்கிறார்? எதிர்க்கடையிலிருந்து வருகிறார்! செருப்பை மாட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து, நம்மைப்போல ஒருவர் வருகிறார்! நாளைக் காலை உங்கள் எதிர்க்கடைக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால், காத்திருக்காதீர்கள். கடந்து போங்கள். அவர் வேண்டிக்கொண்ட அந்த ஆள் நீங்கள்தான்!

வியாபாரத்தை விட்டுவந்து செவிசாய்த்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.