நாற்பத்தொரு வெள்ளி வட்டங்கள்

ஆம்பூரில் ஷூ தைக்கும் நம் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் மேற்பார்வையாளர் உயர்திரு பச்சையப்பன் அவர்களுக்கு, பிரிவின் தொழிலாளர்கள் அன்போடு அளிக்கும் மடல்

தோலின் தழும்பைத் தொட்டே அறியும் திறலாளரே! தையலில் தவறிய ஓர் இழையையும் தப்பவிடாத தகைமையாளரே! ஐம்பத்தைந்து வயதில் புத்தகப் பை தூக்கி, தம் பிரிவுப் பிள்ளைகளின் பக்கத்து இருக்கையில் இலக்கியம் படித்த இளையவரே! வணக்கம்.

தங்கள் மேசையைத் தாண்டிய ஷூ திரும்பி வந்ததே இல்லை என்பார்கள். அது முழு உண்மை அன்று, இருமுறை வந்தது. இருமுறையும், "என் கண்ணுதான் பிசகிச்சு" என்று நிர்வாகத்திடம் சொன்னவர் தாங்கள்.

எனினும் இம்மடல் சொல்ல வந்தது ஒரு நூலகப் புத்தகத்தின் கதை.

மாலைக் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் சிறுகதை நுட்பம் பாடம். உடன் படித்த நம் பிரிவு அஃப்ஷா தன் நூலக அட்டையில் எடுத்த பழைய சிறுகதைத் தொகுப்பை இரவல் வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் படித்தீர்கள். கையில் இருந்ததோ தோலின் குறையை வட்டமிடும் வெள்ளிப் பேனா. முப்பதாண்டுப் பழக்கம் கையை விடுமா? குறையென்று பட்ட இடமெல்லாம் வட்டம், மொத்தம் நாற்பத்தொன்று. தோலில் விழுந்த வெள்ளி துடைத்தால் போகும், தாளில் போகாது.

"சார், கதையவே ரிஜெக்ட் பண்ணிட்டிங்களா?" என்று அதே வகுப்பில் படித்த நவீத் சிரித்தான். அஃப்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்கு மூன்றே நாள். புத்தகத்தைப் பாழாக்கியவளுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று நூலகர் சொல்லிவிட்டார். மூன்றாண்டில் ஒரு வகுப்பும் தவறவிடாதவள், 'இரவல் கொடுத்தது என் தவறு' என்று நாட்குறிப்பில் எழுதி, அதையும் இருமுறை அடித்துத் திருத்தினாள்.

மறுநாள் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் நாள். அன்றும் அரை நாள் விடுப்பெடுத்துத் தாங்கள் நூலகத்தில் போய் நின்றீர்கள்.

"கிறுக்குனது நான். அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? என் டிக்கெட்ட நிறுத்திக்கங்க, அதுக்குக் குடுத்துடுங்க."

சிறுகதைப் பாடம் நடத்திய பேராசிரியை பிரிசில்லா அங்கிருந்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு கதையில் மகன் ஊரை விட்டுப் போகிறான். பேருந்து நகரும்வரை தாய் வாய் திறக்கவில்லை. அங்கே ஒரு வட்டம். பக்கத்தில், 'அம்மா ஏன் பேசவில்லை? குறை.' அவர் அடுத்த வட்டத்தைப் பார்த்தார், அதற்கடுத்ததையும்.

"ஐயா, எழுதுனவங்க வேணும்னே பேசாம விட்ட இடம் இதெல்லாம். செமஸ்டர் பூரா இதத்தான் போர்டுல எழுதிக் காட்டுனேன். ஒண்ணு விடாம புடிச்சிட்டிங்க. ஆனா குறைன்னு போட்டுட்டிங்களே!"

"அப்ப கதை பாஸா மேடம்?"

நூலகரே சிரித்துவிட்டார். டிக்கெட் இருவருக்கும் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு வட்டத்துக்கும் விளக்கம் எழுதி ஒட்ட வேண்டும். தாங்கள் சொல்ல, அஃப்ஷா வரிசை எண் போட்டு எழுதினாள். இவ்வாண்டு மாணவர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

அதன்பின் பிரிவிலும் ஒன்று மாறியது. தாமதமாக வந்து தலைகுனிந்து நிற்பவரிடம் தாங்கள் இரண்டாம் முறை காரணம் கேட்டதில்லை. "சரி, போய் வேலையப் பாரு" என்பதோடு சரி.

கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் அறியாமல், துணைவியார் கோவிந்தம்மாளோடு நூறாண்டு நலமாக வாழ்க!

பிரிவுத் துயரைப் பற்றி இம்மடலில் ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இம்மடலை மாட்டிய சட்டத்துக்குக் கண்ணாடி போடவில்லை. வெள்ளிப் பேனாவை உடன் வைத்திருக்கிறோம். அந்த இடத்தைத் தாங்களே வட்டமிடுங்கள்.

என்றும் தங்கள்,
தரச்சோதனைப் பிரிவினர்